ஐந்து மில்லிவோல்ட்

தண்டையார்பேட்டை, மூன்றாவது மாடி.
தட்டு சுற்றியது, ஊசி இறங்கியது,
புது ப்ளூடூத் ஸ்பீக்கரின் பின்பக்கத் துளையில்
ஒயரைச் செருகினேன்.
தீப்பெட்டிக்குள் மாட்டிய பொன்வண்டுபோல
யாரோ ஒருத்தி பாடினாள்.
வால்யூமை முழுக்கத் திருப்பினால்
பொன்வண்டு பெரிதாகவில்லை,
தீப்பெட்டிதான் பெரிதானது.

"பிரீஆம்ப் இல்லாம எப்டிபா" என்றான் தேசப்பன்.
காசிமேட்டில் விசைப்படகுகளின்
எக்கோ சவுண்டர் பார்க்கிறவன்.
முப்பது பாகம் ஆழத்துத் தரை
திருப்பி அனுப்பும் முணுமுணுப்பை
உருப்பெருக்கிக் காட்டுவது அவன் பிழைப்பு.
"ஊசிலேர்ந்து வர்றது அஞ்சு மில்லிவோல்ட்டு.
கொசு தும்முனாலே பத்து வரும்."

சிகரெட் அட்டையைக் கிழித்து ஒரு கோடு வரைந்தான்.
தட்டை வெட்டும்போதே
கனத்த சத்தத்தை ஒடுக்கிவிடுகிறார்கள்,
இல்லாவிட்டால் தவிலின் ஒரே அடி
பக்கத்துப் பள்ளத்தின் சுவரை உடைத்துக்கொண்டு போகும்.
கீச்சுச் சத்தத்தை அளவுக்கு மேல் தூக்கி வைக்கிறார்கள்.
ஏலச்சீட்டு மாதிரிதான்:
எங்கே தள்ளினார்களோ
அங்கேயே அத்தனையும் திருப்பிக் கட்ட வேண்டும்.
கட்டுவதற்கு ஒரு டப்பா.

பர்மா பஜாரில் கருப்பு பிளாஸ்டிக், எழுநூற்றைம்பது.
ஜப்பான் என்று சத்தியம் செய்தார் கடைக்காரர்.
அடியில் ஒட்டிய தாளில் எந்த ஊரும் இல்லை.
பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று
அதற்கும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன்.
அண்ணா நகர் ஷோரூமில்
கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள்
அந்திநிறத்தில் எரிந்துகொண்டிருந்தன.
முப்பத்தெட்டாயிரம்.
ஏசியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.
மூன்றாவது, தேசப்பனே செய்தது.
செத்துப்போன வயர்லெஸ் செட்டின் அலுமினியக் கூடு,
உள்ளே நாற்பத்தேழு கிலோ ஓம் இரண்டு
("அத்த மட்டும் மாத்தவே கூடாது"),
மூடியில் 'கடல் மாதா' என்ற படகுப்பெயர்
பாதி சுரண்டியும் போகாமல்.
இரண்டாயிரம், இல்லாவிட்டால் ஒரு கூடை சங்கரா.

சொல்ல விட்டுவிட்டேன்.
துறைமுகத்தில் பத்தொன்பது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறேன்.
போன மார்ச்சில் காது டெஸ்ட்.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு அப்புறம் கோடு
படிக்கட்டில் கால் தவறியவன்போல விழுந்திருந்தது.
எனக்கு எந்த டப்பாவும் ஒன்றுதான்.
கீச்சை இறக்கும் வேலையைத்
துறைமுகம் இலவசமாகவே செய்துவிட்டது.
தேசப்பன் சிரித்தான்.
அப்புறம் சிகரெட் அட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

பியூலா கேட்கட்டும் என்று ஆயிற்று.
ஸ்டான்லியில் நைட் டூட்டி முடிந்து
கொட்டாவியோடு தரையில் உட்கார்ந்தாள்.
முதலில் பஜார் டப்பா.
"பின்னாடி யாரோ அப்பளம் பொரிக்கிறாங்க."
எனக்கு எண்ணெயே காயவில்லை.
அடுத்தது கடல் மாதா.
கண்ணை மூடினாள்.
"பொரியறது நின்னுடுச்சு.
பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறா, கேக்குதா?"

கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது வேறு,
பாட்டுக்கு அடியில் ம்ம்ம் என்று
டிரான்ஸ்பார்மர் ஓரம் நிற்பதுபோல.
அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றாள் பியூலா.
மோட்டாரின் மடியிலேயே உட்கார்ந்து சம்பாதித்தவனுக்கு
அது தப்புமா.

"பச்சை ஒயரு!" போனில் தேசப்பன் கத்தினான்,
பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின்.
"பிளேயருக்குப் பின்னாடி அனாதையாத் தொங்கும் பாரு,
அத்த டப்பா ஸ்க்ரூல கட்டு."
ஸ்க்ரூ டிரைவர் அகப்படவில்லை.
ஒரு ரூபாய்க் காசால் திருகினேன்.

அறுந்தது.
அறுந்த பிறகுதான்
ஃபிரிட்ஜ் ஓடுவது தெரிந்தது,
கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி
பெட்டி பெட்டியாக இடித்துக்கொள்வதும்.

சங்கரா விலை விசாரித்தேன்,
இரண்டாயிரத்தையே கொடுத்திருக்கலாம்.

தட்டின் நடுவே, அவள் பெயர் இருந்த இடத்தைக்
கரப்பான் தின்றுவிட்டிருக்கிறது.
பியூலா ஒரு விரலைத் தூக்குகிறாள்: இப்போ.
அந்த இடத்தில் எனக்கு ஒன்றுமில்லை.
விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அது இறங்கும்போது
பாட்டு வருகிறது.